வெள்ளவத்தை மொட்டைமாடியில் பூச்சிகொல்லி நூற்புழு: ஒரு பொதி முழுவதும் ஊற்றியும் ஒன்றும் சாகவில்லை

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடியின் உச்சியில் இருபத்தாறு சாடிகள் வைத்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, வல்லாரை, ஒரு பந்தலில் பாகல். பாதிக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் சாடிகள். மார்கழி கழிந்ததிலிருந்து மிளகாய்க் கன்றுகள் நின்ற நிலையிலேயே வாடுகின்றன. பிடுங்கினால் கையோடு வருகின்றன, வேரே இல்லை. மண்ணைக் கொட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் பருமனில், பிறை போல வளைந்த வெள்ளைப் புழுக்கள். தலை மட்டும் செம்பு நிறம்.

கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போன மச்சாள் ஒரு பொதி கொண்டுவந்து தந்தாள். பூச்சிகளைக் கொல்லும் நூற்புழு, ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்று எழுதியிருந்தது. உயிருள்ள பொருளாயிற்றே, பழுதாகக் கூடாதென்று மூன்று வாரம் பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன், சமையல் ஓய்ந்த பிறகு, மதியம் ஒரு மணிக்குப் பூவாளியில் கரைத்து எல்லாச் சாடிகளுக்கும் ஊற்றினேன். இன்று மூன்று சாடிகளைக் கொட்டிப் பார்த்தேன். ஒன்பது புழுக்கள், ஒன்பதும் உயிரோடு, போன தடவையை விடக் கொழுத்து. இது ஏமாற்று வியாபாரமா, நான்தான் ஏதோ பிழை செய்துவிட்டேனா?

கமக்காரன் மகன், கிளிநொச்சி
அக்கா, கோபிக்க வேண்டாம். புழுவைக் கொல்லப் புழுவை விலைக்கு வாங்கி ஊற்றினேன் என்று எங்கள் ஐயாவிடம் சொன்னால் சிரித்தே படுத்துவிடுவார். 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்யக்கூடாது என்றார்கள். அப்போது ஊருக்கு ஊர் இப்படித்தான் போத்தல்கள் வந்தன: மீன் கரைசல், மூலிகைக் கரைசல், நுண்ணுயிர்க் கரைசல். கார்த்திகையில் தடை நீங்கியது, போத்தல்கள் குப்பைக்குப் போயின, நட்டம் மட்டும் எங்களோடு நின்றது. இதையும் அந்தக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
தம்பியின் எரிச்சல் நியாயமானது, ஆனால் இந்த நூற்புழுவை அந்தப் போத்தல்களோடு சேர்த்துவிட வேண்டாம். அக்கா, உங்கள் பொதி நல்ல பொதியாகவே இருந்திருக்கலாம். நீங்கள் அதை மூன்று தடவை கொன்றிருக்கிறீர்கள். முதலில் பிரிட்ஜில், பிறகு வெயிலில், மிச்சம் மீதி இருந்தால் சாடியில்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மண்ணில் காத்திருப்பது இந்த நூற்புழுவின் மூன்றாம் பருவ இளம்புழு. அரை மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும். அது எதையும் உண்பதில்லை, உடலில் சேர்த்துவைத்த கொழுப்பில் காலம் தள்ளுகிறது. குடலுக்குள் ஒரு பற்றீரியாவைச் சுமந்து திரிகிறது. ஹெட்டெரோராப்டிடிஸ் என்றால் போட்டோராப்டஸ் என்ற பற்றீரியா, பூச்சிகளைக் கொல்லும் இன்னொரு நூற்புழு வகையான ஸ்டைனர்நீமா என்றால் ஸீனோராப்டஸ். பூச்சியின் வாய், ஆசனவாய், சுவாசத்துளை என்று கிடைத்த வழியால் நுழையும். ஹெட்டெரோராப்டிடிஸுக்கு மேலதிகமாக ஒரு பல் உண்டு, மெல்லிய தோலைக் கிழித்தும் உள்ளே போகும். போனதும் பற்றீரியாவைக் கக்கிவிடும். ஓரிரு நாளில் பூச்சி முடிந்தது. பிறகு அந்த உடலே சமையலறை, அதுவே பிள்ளைப்பேற்று அறை. இரண்டு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில், பெரிய பூச்சியென்றால் இலட்சக்கணக்கில் புதிய இளம்புழுக்கள் வெளியே வரும்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் மண்ணின் ஈரப்படலத்துக்குள்தான். மண்துணிக்கைகளைச் சுற்றி இருக்கும் மெல்லிய நீரில்தான் அது நகரும். நீர் வற்றினால் நின்றுவிடும். நீர் தேங்கினால் ஒட்சிசன் இல்லாமல் மூச்சு முட்டும். நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும், புற ஊதாக் கதிர் வீரியத்தைப் பறித்துவிடும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான இனங்கள் தளர்ந்துபோகும்.

பிரிட்ஜ் விடயத்தில் உங்களைக் குறைசொல்ல முடியாது. நூற்புழுவைக் குளிரில் வை என்றுதான் பல இடங்களிலும் எழுதியிருப்பார்கள். ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் பயன்படும் ஸ்டைனர்நீமா ஃபெல்ட்டியே போன்றவற்றுக்கு 4 பாகை சுகமாக இருக்கும். இண்டிகா வெயில் மண்ணில் பிறந்தது. 1992இல் அதை முதன்முதலில் விவரித்ததே கோயம்புத்தூர்க் கரும்புத் தோட்டத்துப் பூச்சியிலிருந்துதான். 15 பாகை அளவில் வைத்தால் தாங்கும், 4 பாகையில் வாரக்கணக்கில் வைத்தால் கொத்துக் கொத்தாகச் சாகும். மச்சாள் வந்த அன்றிரவே அலமாரி நிழலிலிருந்து எடுத்து ஊற்றியிருந்தால் உங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

பொதியில் மிச்சம் இருந்தால் ஒரு சிட்டிகையை அறை வெப்பநிலைத் தண்ணீரில் போட்டு, கறுப்புத் தட்டில் ஊற்றி, பக்கவாட்டில் டோர்ச் அடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நெளிந்தால் உயிர். ஊசி போல நேராக, தொட்டும் அசையாமல் கிடந்தால் போயிற்று.

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
பார்த்தேன். ஊசிப் பெட்டியைக் கவிழ்த்தது போல இருக்கிறது.

சுங்கத்தில் இருந்தவர், கொட்டாஞ்சேனை
தங்கச்சி, உங்கள் மனம் நொந்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிருள்ள உயிரியைப் பயணப் பெட்டியில் கொண்டுவருவது விளையாட்டல்ல. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படியானவற்றைக் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்புக்கென்று ஒரு சேவையே இயங்குவது இதற்காகத்தான். நல்ல பூச்சிதானே என்பீர்கள். ஆகாயத் தாமரையும் அழகான பூ என்றுதான் இந்தத் தீவுக்குள் வந்தது. 1909இல் அதற்கென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டி வந்தது. இன்றைக்கும் பேரை வாவியிலும் கால்வாய்களிலும் இயந்திரம் வைத்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மச்சாளிடம் அடுத்த முறை சேலை வாங்கிவரச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
உண்மையாகவே எனக்குத் தெரியாது ஐயா. ஊறுகாய்ப் போத்தலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள், நானும் நன்றி சொல்லி வாங்கினேன். மிச்சத்தை வெந்நீர் ஊற்றி அழித்துவிட்டேன்.

ஹட்டன் பழையவர், இப்போது மட்டக்குளி
மகள், கவலைப்பட வேண்டாம். தோட்டத்தில் நாற்பது வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான், ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளோடு இங்கே இருக்கிறேன். கிளிநொச்சித் தம்பி சிரிக்கிறாரே, இந்த நூற்புழு நம் நாட்டுக்குப் புதிது இல்லை. தாழ்நாட்டுத் தேயிலையில் பச்சை மரக் கறையான் என்று ஒன்று உண்டு. செடி உயிரோடு இருக்கும்போதே உள்ளே சுரங்கம் போட்டுத் தின்னும். வெளியிலிருந்து மருந்து அடித்தால் இலை நனையும், கறையான் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஹெட்டெரோராப்டிடிஸைக் கொண்டு கட்டுப்படுத்திய ஆய்வு 1987இலேயே வெளிவந்துவிட்டது, இலங்கையில் செய்தது. அப்போது அதைப் படித்துவிட்டு நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது: கறையான் தனக்காகக் கட்டிய இருட்டும் ஈரமும் நூற்புழுவுக்கும் வீடாகிவிட்டது. வெயில் படாது, காய்ந்து போகாது. மொட்டைமாடியில் அப்படி ஒரு வீடு நூற்புழுவுக்கு எங்கே இருக்கிறது?

கமக்காரன் மகன், கிளிநொச்சி
ஐயா சொன்னதைப் படித்து வாயை மூடிக்கொண்டேன், ஆனால் முழுதாக அல்ல. தேயிலைச் செடிக்குள் ஈரம் இருக்கிறது, சரி. எங்கள் வயலில் ஆவணி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும். 2018 கடைசியில் சேனா படைப்புழு வந்து சோளத்தை அரித்தபோது யாராவது இந்த நூற்புழுவை இலையில் தெளித்திருந்தால் அரை மணித்தியாலத்தில் அப்பளமாகியிருக்கும். உண்டா இல்லையா?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
வெறும் தண்ணீரில் கலந்து திறந்த இலையில் தெளித்தால், உண்டு. உங்கள் கேள்விதான் உலகம் முழுவதும் இதை ஆராய்கிறவர்களின் தலைவலியும். ஆனால் சோளத்தில் படைப்புழு இருப்பது நடுக்குருத்துக்குள். அங்கே பனியும் தண்ணீரும் தேங்கும், நிழலும் உண்டு. அந்தக் குருத்துக்குள் மாலையில் கூழ் போன்ற ஒரு பொருளோடு சேர்த்து விட்டால் கதை மாறும். நூற்புழுவைத் தாங்கும் பொருளைப் பற்றித்தான் ஆராய்ச்சியில் பெரும்பகுதி நடக்கிறது: கூழ், களிமண், நீரில் கரையும் குருணை. தொற்றி இறந்த பூச்சியின் உடலையே அப்படியே மண்ணில் புதைப்பதும் ஒரு முறை. உடல் காயும்வரை உள்ளே ஈரம் காப்பாற்றப்படுகிறது, குஞ்சுகள் தம் நேரம் பார்த்து வெளியே வருகின்றன.

நூற்புழுவும் சும்மா சாவதில்லை. இளம்புழு தன் முந்தைய பருவத்துத் தோலைக் கழற்றாமல் போர்வையாகப் போர்த்திக்கொண்டுதான் திரிகிறது. மண் மெதுவாகக் காய்ந்தால் உடலுக்குள் திரெகலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு சுருண்டு, உயிரின் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும். மெதுவாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாரத்தில் காயும் மண்ணில் பிழைக்கிற அதே புழு, ஒரே பிற்பகலில் காயும் மண்ணில் பிழைக்காது. சாடி மண் ஒரு பிற்பகலில் காயும் மண்.

வெப்பம் தாங்கும் வர்க்கங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கவும் செய்கிறார்கள். அதில் ஒரு வேடிக்கை: ஆய்வுகூடத்தில் சொகுசாக மீண்டும் மீண்டும் வளர்த்தால் அந்தத் தாங்குசக்தி கரைந்துவிடுகிறது. வேதனைப்பட்டுச் சேர்த்த குணத்தை வசதி தின்றுவிடும். எங்கள் ஆய்வுகூடத்திலேயே ஒரு வர்க்கத்தை இப்படி இழந்து, மூன்று மாத வேலை மண்ணாய்ப் போயிருக்கிறது.

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
சமையலறைத் தெர்மாமீற்றரை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். பிற்பகல் இரண்டு மணி, இரண்டு அங்குல ஆழம். சீமெந்துத் தரையில் வெயிலில் நிற்கும் கறுப்புச் சாடியில் 44 பாகை. நம்ப முடியாமல் இன்னொன்றில் குத்தினேன், 43. பாகல் பந்தலின் கீழே, பலகை மேல் வைத்த மண்சாடியில் 31. ஒரே மாடி, நாலு அடி தூரம்! வெள்ளைப் புழு மட்டும் அந்த 44இல் எப்படி உயிரோடு இருக்கிறது?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
அது அடியில், வேருக்குள் இறங்கிவிடும். 40ஐத் தொட்ட மண்ணில் இண்டிகாவும் தாங்காது. நீங்கள் அளந்த அந்த 31இல் அது வேலை செய்யும். இனி மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் சாடியைப் பற்றி யோசியுங்கள். கறுப்பின் மேல் சாக்குச் சுற்றுங்கள், தரையிலிருந்து உயர்த்துங்கள், மேலே தென்னந்தும்பு பரப்புங்கள். நூற்புழு விடுவதென்றால் சூரியன் மறைந்த பிறகு, முதலில் மண்ணை நனைத்து, ஊற்றியபின் இன்னொரு முறை தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் ஈரம் குறையாமல் பார்க்க வேண்டும். தை, மாசி கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். சித்திரை மாலை மழைகள் தொடங்கட்டும்.

இன்னொன்று. ஒன்பது புழுக்களையும் மேசையில் விட்டு நடக்கச் சொல்லுங்கள். முதுகைத் தரையில் வைத்து மல்லாந்து ஊர்ந்தால் அது பூவண்டின் புழு, பெரும்பாலும் மக்கைத் தின்பது. அதை விட்டுவிடலாம்.

கமக்காரன் மகன், கிளிநொச்சி
அளவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எத்தனை ஊற்றுவது?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
வழக்கமான கணக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 25 இளம்புழு. ஹெக்டேயருக்கு 250 கோடி. வாய் அகலம் 30 சென்ரிமீற்றர் உள்ள சாடிக்கு ஏறக்குறைய 17,500. பெரிய எண்ணாகத் தெரியும், தேக்கரண்டித் தண்ணீரில் அடங்கிவிடும். வயலுக்கு இது விலை கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. தெளிகருவியில் ஊற்றினால் அடிக்கடி கலக்க வேண்டும், அடியில் போய்ப் படிந்துவிடும். நுண்ணிய வடியைக் கழற்றிவிட வேண்டும். 44 பாகைச் சாடியில் இதைப் பத்து மடங்கு ஊற்றினாலும் பத்து மடங்கு பிணம்தான்.

சிலாபத் தென்னை
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் இளந்தென்னைகளில் செவ்வண்டு. தண்டுக்குள் காது வைத்தால் அரைப்பது கேட்கிறது. இந்த நூற்புழு அதற்கு வேலை செய்யுமா?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
தேயிலை ஐயா சொன்னதே இங்கும். சுரங்கத்துக்குள் ஈரமும் நிழலும் இருக்கின்றன. ஸ்பெயினில் பனை வகை மரங்களில் செவ்வண்டுக்கு ஸ்டைனர்நீமா கார்போகாப்சேயை, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளோடு கலந்து விட்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் காதுக்குக் கேட்கிற அளவுக்கு அரைத்துவிட்ட மரத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தெங்கு ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில் லுணுவிலவில்தானே இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

தெகிவளையான்
என் பாகற்காயில் பழ ஈ. காய் முழுவதும் புழு. இதற்கும் ஒரு வரி.

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
காய்க்குள் இருக்கும்போது எட்டாது. முற்றிய புழு காயைவிட்டுக் குதித்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும். அந்த இறங்கும் வேளையில் நூற்புழு அதைப் பிடிக்கும். கூடு இறுகிவிட்டால் உள்ளே போவது கடினம். அதுவரை காய்க்குக் கடதாசி உறை போடுவது மலிவு.

ஹட்டன் பழையவர், இப்போது மட்டக்குளி
நான் ஒன்று கேட்கிறேன். பிற நாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, சரி. இந்த மண்ணிலேயே இருப்பதை ஏன் தேடக்கூடாது? இந்த வெயிலில் பழகியதுதானே இந்த வெயிலைத் தாங்கும்?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
ஐயா, நான் சொல்ல வந்ததே அதைத்தான், நீங்கள் முந்திவிட்டீர்கள். 1994இல் இலங்கை மண்ணில் இவற்றைத் தேடிய ஆய்வு வெளியானது, இங்கும் இருக்கின்றன. வெப்பநாடுகளில் ஹெட்டெரோராப்டிடிஸ் அதிகம் அகப்படுவது கடலை அண்டிய மணலில். மணலில் நகர இடம் உண்டு, காற்றும் உண்டு. வெள்ளவத்தையில் இருக்கிறவருக்குக் கடற்கரை ஐந்து நிமிட நடை. தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் கவனம்.

அடம்பன் கொடி படர்ந்த இடத்தில், அலை தொடாத மேல்பக்கம், ஒரு சாண் ஆழத்து ஈர மணலை எடுங்கள். தேன்கூட்டை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழு வேண்டும். தேனீ வளர்க்கிற எவரிடமும் கேட்டால் மகிழ்ச்சியோடு அள்ளித் தருவார். மூடியில் துளையிட்ட டப்பாவில் மணலோடு பத்துப் புழுக்களை விட்டு, நிழலில் வைத்து, தினமும் பாருங்கள். 1975இலிருந்து உலகம் முழுவதும் இப்படித்தான் தூண்டில் போடுகிறார்கள். இறந்தது செங்கல் நிறமாக, நாற்றமில்லாமல் இருந்தால் ஹெட்டெரோராப்டிடிஸ் என்று நம்பலாம். கறுத்து, கூழாகி, நாறினால் சாதாரண அழுகல்.

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஒன்பதில் இரண்டு மல்லாந்து ஊர்ந்தன, அவற்றைக் கூட்டெருக் குவியலில் விட்டேன். மற்ற ஏழும் கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுக்குப் போயின. சாடிகளுக்குச் சாக்குச் சுற்றியாகிவிட்டது. இரண்டு மணிக்கு இப்போது 35.

தேன் வளர்க்கும் ஒருவர் ஹோமாகமவிலிருந்து பஸ்ஸில் ஒரு டப்பா புழு அனுப்பினார். மூன்று இடத்து மணலில் பன்னிரண்டு புழுக்கள் விட்டேன். ஐந்தாம் நாள் கணக்கு: ஐந்து உயிரோடு, நான்கு கறுத்து நாறின, மூன்று செங்கல் நிறம். மூன்றும் ஒரே மணலிலிருந்து, அடம்பன் கொடிக்குக் கீழே எடுத்தது. இரவில் ஒளிரும் என்று எங்கோ படித்ததால் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் குந்தியிருந்தோம். மகள் தெரிகிறது என்கிறாள். எனக்குக் காலி வீதி வெளிச்சம்தான் தெரிந்தது.

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
மகளை நம்புங்கள். போட்டோராப்டஸ் ஒளிரும், ஆனால் மிக மங்கல், இளங்கண் வேண்டும். சிவந்த மூன்றையும் ஈரத் தாள் விரித்த சிறு மூடியின் மேல் வைத்து, அந்த மூடியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி ஒரு பெரிய தட்டில் வையுங்கள். 1927இல் வைட் என்பவர் சொன்ன பொறி இது. பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் தாமாகத் தண்ணீருக்குள் இறங்கும். அவற்றை ஆரோக்கியமான புதுப் புழுக்களில் விட்டு, அவையும் அதே நிறத்தில் சாகின்றனவா என்று பார்த்த பிறகே சாடிப் பக்கம் போக வேண்டும். தட்டைச் சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி வையுங்கள்.

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை
தட்டை வைத்தேன். இரவு எறும்பு வந்துவிட்டது, மாமி காலையில் சத்தம் போட்டபோதுதான் தெரியும். எல்லாம் போயிற்று என்று ஓடினேன். பக்கத்துச் சிரட்டையில் கறுத்த நான்கையும் போட்டு வைத்திருந்தேன், அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. தட்டின் தண்ணீர் ஒரு பக்கம் வற்றியிருந்தது, எறும்பு வரிசை அந்த வழியாக மூடிவரை ஏறியிருக்கிறது. ஆனால் சிவந்த மூன்றும் வைத்தபடியே கிடக்கின்றன. ஏன் தொடவில்லை?

ஆய்வுகூட மூலை, கொழும்பு 7
அந்தப் பற்றீரியா எறும்புக்குப் பிடிக்காத ஒன்றைச் சுரக்கிறது அக்கா, தன் சமையலறையைப் பிறர் தின்னாமல் காப்பதற்கு. என் அனுமானத்தை விட உங்கள் எறும்பின் சோதனை உறுதியானது. தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருங்கள்.